வீட்டில் சிறு குழந்தைகளுக்கு வாசிப்பில் ஆசை வரவைப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் பாடம் படிப்பதற்கும் 'படி'தான், கதை படிப்பதற்கும் 'படி'தான். பெரியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். "வா, படிக்கலாம்" என்றதும் முகம் சுருங்குகிறதே, அதற்குப் பாதிக் காரணம் இந்தச் சொல்தான். அதனால் வீட்டில் கதைப் புத்தகத்துக்கு வேறு சொல் வைத்துக்கொள்ளுங்கள். "கதை பார்க்கலாமா?", "வாசிக்கலாமா?" எதுவானாலும் சரி, பாடத்துக்குச் சொல்லும் சொல்லாக இருக்கக் கூடாது.

இந்த வழிகாட்டி 2 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளின் வீட்டாருக்கு. என் இரண்டு பிள்ளைகளோடு இதைச் செய்தேன். உறவிலும் நட்பிலும் கேட்டவர்களின் வீடுகளில் கூட உட்கார்ந்து பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள்: எழுத்தில் தொடங்கிவிடுகிறார்கள். எழுத்து ஐந்து படி தாண்டி வர வேண்டியது. படிகள் எல்லாமே எளியவை, வரிசை மாறினால்தான் சிக்கல்.

தொடங்கும் முன் தேவையானவை

பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் போதும். நூறு புத்தகத்தை வாங்கி அடுக்கிவிட்டு, பிள்ளை தொடவே இல்லையே என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறு குழந்தைக்குப் புதிய புத்தகத்தைவிடத் தெரிந்த புத்தகத்தின்மேல்தான் பிரியம் அதிகம். வீட்டில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, நூலகத்திலிருந்து இரண்டு மூன்றை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தால் போதுமானது. குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம்.

புத்தகத்தை எடுக்கும் முன் நடுவிலிருந்து இரண்டு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே தடுமாறினால் அந்தப் புத்தகம் வேண்டாம். மொழிபெயர்ப்பாக வரும் படக்கதைகளில் படம் கண்ணைப் பறிக்கும், வாக்கியம் கரடுமுரடாக இருக்கும். முப்பது இரவு வாசிக்கப்போவது நீங்கள், உங்கள் வாய்க்கு இதமாக இருக்க வேண்டாமா?

அப்புறம் அச்சைப் பாருங்கள். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, படத்தின் மேல் ஏறாமல் இருக்க வேண்டும். வரி முடிவில் சொல்லை உடைத்து மீதியை அடுத்த வரியில் போடும் புத்தகங்கள் உண்டு. கேட்கும் குழந்தைக்கு அதனால் ஒன்றுமில்லை. தானாக வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு 'விளை' ஒரு வரியிலும் 'யாடினான்' மறு வரியிலும் இருந்தால் அது இரண்டு சொல். அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தடித்த அட்டைப் பக்கங்கள் உள்ள புத்தகம் எடுங்கள். கடிப்பார்கள், இழுப்பார்கள். அந்த வயதில் புத்தகத்தோடு பழகுவதே அப்படித்தான், தடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, உங்களுக்குத் தினமும் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மடியிலோ தலையணைப் பக்கத்திலோ இருந்தால் அது ஒருமுறை மினுங்கும், உங்கள் கண் ஒருமுறை அங்கே போகும். குழந்தை அதைக் கவனிக்காமல் இருக்காது.

1. புத்தகத்தைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்

முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு, ஒரு கூடை, ஒரு அட்டைப்பெட்டி, எது இருந்தாலும் போதும். முதுகு மட்டும் தெரியும்படி நெருக்கி அடுக்காமல், அட்டைப்படம் தெரியும்படி நிறுத்தி வையுங்கள். எழுத்து தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தின் பெயரே அட்டையில் உள்ள படம்தான். முதுகுப் பக்கத்தைப் பார்த்து அதனால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரே நேரத்தில் ஐந்தாறுதான் வெளியே இருக்கட்டும். மற்றவற்றை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுங்கள். ஒரு மாதம் கண்ணில் படாமல் இருந்த புத்தகம் திரும்பி வரும்போது கிடைக்கும் வரவேற்பு புதுப் புத்தகத்துக்குக்கூடக் கிடைக்காது.

கிழிந்துவிடும் என்று பூட்டி வைப்பதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு. கிழியும்தான். ஒட்டும் நாடாவை எடுத்து, குழந்தையைக் கூட வைத்துக்கொண்டே ஒட்டுங்கள். தானும் சேர்ந்து ஒட்டிய பக்கத்தை அடுத்த முறை அது பதமாகத் திருப்பும்.

2. நேரத்தை ஒரு அன்றாட வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது வாசிப்போம்" என்று வைத்தால் நேரம் கிடைக்காது. தினமும் எப்படியும் நடக்கும் ஒரு வேலைக்கு அடுத்து வையுங்கள். பல் துலக்கியதும் கதை, குளித்துத் துவட்டியதும் கதை. கடிகாரத்தைவிட இது உறுதியாக நிற்கும். நீங்கள் மறந்தாலும் குழந்தை மறக்காது.

தூங்கும் முன்தான் என்று கட்டாயம் இல்லை. சில பிள்ளைகள் இரவில் களைத்துப்போய் எரிச்சலில் இருக்கும். அவர்களுக்குக் காலையோ மாலையோ வைத்துப் பாருங்கள்.

பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி இருக்கும் 32 பக்கப் படக்கதை அதற்குள் முடிந்துவிடும். இரண்டு வயதுக் குழந்தை மூன்றாவது நிமிடத்தில் எழுந்து ஓடினால் அன்றைக்கு மூன்று நிமிடம்தான். இழுத்து உட்கார வைக்காதீர்கள். எழுந்து போனாலும் நீங்கள் அந்தப் பக்கத்தை முடிக்கும்வரை சத்தமாக வாசித்துக்கொண்டிருங்கள். மூலையில் விளையாடிக்கொண்டே கேட்கும் குழந்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

3. முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம்

ஒரு புதிய கதையை முதல் முறை வாசிக்கும்போது கதையை மட்டும் கொடுங்கள். "இது என்ன?", "இது என்ன நிறம்?", "எத்தனை பறவை இருக்கு?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் கதை அறுந்துபோகும். அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்புதான் குழந்தையைப் பிடித்து வைக்கிறது, அதை நாமே கெடுக்கக் கூடாது.

எப்படி வாசிப்பது என்று ஒரு பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். பக்கத்தில் இரண்டே வரி: "யானை குளத்தில் இறங்கியது. தண்ணீர் கரை ஏறியது."

குழந்தை உங்கள் மடியிலோ பக்கத்திலோ இருக்கிறது, புத்தகம் இருவருக்கும் நடுவில். முதல் வரியை நிதானமாகச் சொல்லுங்கள். யானை இறங்குகிற வேகம்தான் உங்கள் குரலுக்கும். பிறகு "தண்ணீர்…" என்று இழுத்து ஒரு மூச்சு நில்லுங்கள். குழந்தை படத்தைப் பார்க்கும், உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்த பிறகு "கரை ஏறியது!" பக்கத்தைத் திருப்புவது குழந்தையின் விரலாக இருக்கட்டும்.

இப்படி நிறுத்தி வாசிக்கப் பலருக்குக் கூச்சம். நாடகம் எல்லாம் வேண்டாம், குரல் மாற்றி நடிக்கவும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, சரியான இடத்தில் நிறுத்தினால் போதும். புதியவர்கள் எல்லோரும் வேகமாகத்தான் வாசிக்கிறார்கள். வாசிக்கும் உங்களுக்குக் கதை முன்னமே தெரியும், கேட்கும் பிள்ளை ஒவ்வொரு சொல்லாகப் படத்தோடு பொருத்திக்கொண்டு வருகிறது. உங்களுக்கே கொஞ்சம் மெதுவாகப் படுகிற வேகம்தான் அதற்குச் சரியான வேகம்.

வாசிக்கும்போது வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள், எல்லா வரிக்கும் வேண்டாம், அங்கங்கே. எழுத்து தெரியாத குழந்தையின் கண் படத்திலேயேதான் இருக்கும். சத்தம் அந்தக் கருப்புக் கோடுகளிலிருந்துதான் வருகிறது, இடமிருந்து வலமாக, ஒரு வரி முடிந்தால் கீழே இறங்கி வருகிறது என்பதை உங்கள் விரல் சொல்லித்தரும். வாயால் விளக்க வேண்டியதே இல்லை.

4. அதே கதையை மறுபடியும் வாசியுங்கள், இப்போது பேசுங்கள்

"மறுபடி!" என்று கேட்டால் மறுபடி வாசியுங்கள். நாற்பதாவது தடவையாக இருந்தாலும் சரி. பெரியவர்களுக்கு அலுக்கும். குழந்தை ஒவ்வொரு முறையும் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. முதல் இரவு என்ன நடக்கிறது என்று பார்க்கிறது, மூன்றாம் இரவு ஏன் என்று யோசிக்கிறது, பத்தாம் இரவு சொற்களையே மனப்பாடமாக வைத்திருக்கிறது. அந்த மனப்பாடத்தின் மேல்தான் ஏழாவது படியைக் கட்டப்போகிறோம். அதனால் இதைச் சலிப்பு என்று தள்ளாதீர்கள்.

மூன்றாவது நான்காவது வாசிப்பிலிருந்து பேச்சைக் கொண்டுவரலாம். இதற்கு ஆய்வின் பலம் இருக்கிறது. 1988-ல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். இரு அணியும் வாசித்தார்கள். ஓர் அணிக்கு மட்டும், குழந்தையைப் பேசவைக்கும் கேள்விகளைக் கேட்கவும் பதிலை விரித்துச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் வெளிப்படுத்தும் திறனை அளக்கும் சோதனைகளில் மற்றவர்களைவிட முன்னே போயிருந்தார்கள்.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். யானைப் பக்கத்தில் "இங்கே என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். குழந்தை "தண்ணி" என்கிறது. "ஆமா, தண்ணி மேல வந்துடுச்சு. ஏன் வந்துச்சு?" "யானை பெருசு." "யானை ரொம்பப் பெருசு, அது இறங்கினதும் தண்ணிக்கு இடமே இல்ல!" அவ்வளவுதான். குழந்தை சொன்னதை எடுத்து, இரண்டு சொல் கூட்டி, திருப்பிக் கொடுத்தீர்கள். அடுத்த முறை அந்த நீண்ட வாக்கியம் அதன் வாயிலிருந்தே வரும்.

ஒரு கதைக்கு மூன்று நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைவிட 'என்ன', 'ஏன்', 'அப்புறம்?' நல்லது. விடை உங்களுக்கே தெரியாத கேள்வி என்றால் இன்னும் நல்லது. "இந்தத் தவளை என்ன நினைக்குது?" என்று கேட்டால் அங்கே தப்பான பதிலே கிடையாது.

5. பேச்சுத் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்குப் பாலம் போடுங்கள்

தமிழில் வாசிக்கக் கற்கும் குழந்தைக்கு உள்ள தனிச் சிரமம் இதுதான். அது கேட்டு வளர்ந்தது "வந்துட்டான்", புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டான்".

என் மூத்தவனுக்கு ஐந்து வயது வரை எல்லாக் கதையையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றித்தான் சொன்னேன். அவனுக்குப் புரிய வேண்டுமே என்ற எண்ணம். எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது ஒருநாள் "இ…ரு…க்…கி…ற…து" என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சேர்த்துவிட்டு, "இருக்கிறதுன்னா என்னம்மா?" என்று கேட்டான். 'இருக்கு' தெரிந்த பிள்ளை. எழுத்தை எல்லாம் வென்று மேலே வந்தால் அங்கே தெரியாத சொல் நிற்கிறது! அத்தனை உழைப்புக்கும் பலன் இல்லாமல் போனால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்கும்தான்.

சின்னவளுக்கு வரிசையை மாற்றினேன். மூன்று வயது வரை படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் சொல்வது. மூன்றிலிருந்து புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிப்பது. புரியாத வரிக்கு மட்டும் பின்னாலேயே பேச்சில் ஒருமுறை: "யானை குளத்தில் இறங்கியது. குளத்துல எறங்கிடுச்சு!" மூன்று நான்கு இரவு இப்படிப் போனதும் பேச்சு வரியை விட்டுவிட்டேன், புத்தக வரியே புரிந்துவிட்டது. வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டே போகாதீர்கள், அப்படிச் செய்தால் குழந்தை புத்தக வரியைக் காதில் வாங்காமல் உங்கள் பேச்சு வரிக்காகவே காத்திருக்கும்.

உள்ளபடி வாசிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நீங்கள் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு மாதிரி சொன்னால், கதை உங்கள் தலைக்குள் இருக்கிறது என்று குழந்தை நினைக்கும். எத்தனை முறை திறந்தாலும் அதே சொல் அதே இடத்தில் வருகிறது என்றால்தான், கதை தாளில் இருக்கிறது என்று பிடிபடும். ஒரு சொல்லை நீங்கள் தவறவிட்டதும் "இல்ல, அப்படி இல்ல" என்று திருத்தினால், பாலம் போட்டாயிற்று.

6. எழுத்தைக் கதைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்

எழுத்தறிமுகம் இங்கே வருகிறது. அதற்கும் கதை நேரத்துக்கும் இடையே ஒரு சுவர் இருக்க வேண்டும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். மகளுக்கு நாலரை வயது. எழுத்துகளை ஆசையாக அடையாளம் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரவுக் கதையில் பக்கத்துக்கு ஒரு முறை "இது என்ன எழுத்து?" என்று கேட்க ஆரம்பித்தேன். பத்து நாள் இருக்கும். ஒரு இரவு புத்தகத்தைத் திறந்ததும் தன் உள்ளங்கையை விரித்து வரிகளை மூடிக்கொண்டு, "படம் மட்டும் பாரும்மா" என்றாள். அந்தக் கையை இன்னும் மறக்க முடியவில்லை. அன்றோடு நிறுத்தினேன். பழையபடி முழுக் கதைக்கு அவள் உட்கார ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

எழுத்து விளையாட்டைப் பகலில், வேறு இடத்தில், ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள். மணலில், பலகையில், பழைய அட்டைத் துண்டுகளில். முதலில் குழந்தையின் பெயர். தன் பெயரின் முதல் எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் "என் எழுத்து!" என்று கத்தும்.

தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்த 216-ல் பெரும்பகுதி, தெரிந்த வடிவத்தோடு ஒரு துணைக்குறியைச் சேர்த்தால் வந்துவிடுவது. கு, சு, டு, மு என்று போகும் உகர ஊகார வரிசைதான் உருவம் பலவிதமாக மாறுவது. அதற்கு மட்டும் கூடுதல் நாள் ஒதுக்குங்கள்.

அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டையும் வரிசையாக முடித்த பிறகே சொல்லுக்குப் போக வேண்டும் என்றில்லை. வரைய எளிதான ட, ப, ம மூன்றோடும் ஒரு புள்ளியோடும் தொடங்கிப் பாருங்கள். 'படம்', 'பட்டம்', 'மட்டம்' வந்துவிடும். 'படபட', 'மடமட'வும் வரும். இரண்டே எழுத்தை வைத்து 'படபட' என்று தானே வாசித்துவிட்ட குழந்தை அதை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியும். எழுத்து தெரிந்த முதல் வாரத்திலேயே சொல் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

தடுக்கும் இடங்கள் மூன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கொம்பு முதலில். 'கெ'-யில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'-வில் குறி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும் என்று கற்ற குழந்தை இங்கே திகைப்பது நியாயம். கொம்பையும் காலையும் விரலால் மறைத்து நடுவிலுள்ள 'க'-வை முதலில் காட்டுங்கள், பிறகு விரலை எடுங்கள். சில நாளில் கண் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. 'கல்', 'மகள்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க'தான், ஒலி மூன்று விதம். 'கல்'லில் வரும் அழுத்தத்தோடு 'மகள்' என்று கூட்டினால் தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகிவிடும். "வேகமாச் சேர்த்துச் சொல்லிப் பாரு, நமக்குத் தெரிஞ்ச வார்த்தை மாதிரி வருதா?" என்று கேளுங்கள். விதியை விளக்குவதைவிட இது பலிக்கும். காதுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் அல்லவா?

மூன்றாவது ல, ள, ழ, ன, ண, ந, ர, ற. வாசிக்கும் கட்டத்தில் இதற்காக நிறுத்தாதீர்கள். பொருள் புரிந்தால் மேலே போகட்டும். உச்சரிப்பு, நீங்கள் சரியாக வாசித்துக் காட்டுவதில் மெல்ல மெல்ல வந்துவிடும்.

7. பங்கு போட்டு வாசியுங்கள்

கேட்பதற்கும் தனியாக வாசிப்பதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. பல வீடுகளில் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நேற்றுவரை மடியில் கேட்ட பிள்ளையிடம் இன்று புத்தகத்தைக் கொடுத்து "நீயே வாசி" என்பது அதற்குத் தண்டனை மாதிரித்தான்.

மனப்பாடமான பழைய புத்தகத்தை எடுங்கள். கதையில் திரும்பத் திரும்ப வரும் வரியைக் குழந்தைக்குக் கொடுங்கள், மீதி உங்களுடையது. உங்கள் விரல் அந்த வரிக்குக் கீழே போகும், குழந்தை சொல்லும். நினைவிலிருந்து சொல்கிறதா, வாசிக்கிறதா என்று சோதிக்காதீர்கள். வாயில் வரும் சொல்லும் விரலடியில் உள்ள சொல்லும் பல முறை சந்தித்தால் நினைவு வாசிப்பாக மாறும்.

பிறகு ஒரு பக்கம் உனக்கு, ஒரு பக்கம் எனக்கு. உரையாடல் உள்ள கதையென்றால் தவளை நீ, யானை நான்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி உங்களுக்கு நீளமாகத் தெரியும், ஆனால் பல சொற்கள் அதற்குள் வந்துவிடும். வராவிட்டால் முதல் எழுத்தின் ஒலியை மட்டும் கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். "நேத்து சொன்னியே, இன்னைக்குத் தெரியலையா?" என்ற வாக்கியம் மட்டும் வாயில் வரவே கூடாது.

தவறாக வாசித்தால், பொருள் மாறினால் மட்டும் திருத்துங்கள். 'ஓடினான்' என்பதை 'ஓடுனான்' என்று வாசித்தால் விட்டுவிடுங்கள், அது புரிந்துதான் வாசிக்கிறது. 'ஓடினான்' என்பதை 'ஆடினான்' என்று வாசித்தால் வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். கதை இடிக்கிறதே என்று தானே திரும்பிப் பார்க்கும் வாய்ப்பை அதற்குக் கொடுக்க வேண்டும்.

8. தனியாக வாசிக்கத் தொடங்கியதும்

தேர்வு குழந்தையுடையது. நீங்கள் வீட்டுக்குள் எதைக் கொண்டுவருகிறீர்கள் என்பதில் உங்கள் விருப்பத்தைக் காட்டுங்கள், கூடையிலிருந்து எதை எடுக்கிறது என்பதில் வேண்டாம். சித்திரக்கதை, விடுகதை, வண்டிகளைப் பற்றிய தகவல் புத்தகம் எல்லாமே வாசிப்புதான்.

கடினம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். ஒன்றிரண்டு என்றால் தாராளமாகத் தானே வாசிக்கலாம். ஒன்றுமே மடங்காத, "சின்னப் பிள்ளைப் புத்தகம்" என்று நீங்கள் நினைக்கும் புத்தகத்தையே எடுத்தாலும் தடுக்காதீர்கள். தடங்கல் இல்லாமல் வாசிப்பதில்தான் வேகமும் இன்பமும் வருகின்றன.

இந்தப் படியில் எல்லோரும் செய்யும் தவறு: "இனி அவனே வாசிப்பான்" என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையால் தானே வாசிக்க முடிகிற கதை சிறியது, கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற கதை அதைவிடப் பல மடங்கு பெரியது. 1986-ல் வாசிப்பு ஆய்வாளர்கள் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். முதல் திறனில் குழந்தை தானாக முன்னேறிக்கொண்டிருக்கும் காலத்தில், இரண்டாவதை வளர்ப்பது உங்கள் வாசிப்புதான். இரவில் ஓர் அத்தியாயம் என்று நீண்ட கதைக்குப் போகச் சரியான வயது இது.

9. பரிசும் கணக்கும் ஒப்பீடும் வேண்டாம்

"பத்துப் புத்தகம் முடிச்சா ஒரு பொம்மை" என்பது முதல் வாரம் அருமையாக வேலை செய்யும், அதனால்தான் பலரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 1973-ல் உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பின்னர் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். முன்பே சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை.

ஆகவே கூலி பேசாதீர்கள். ஒரு நீண்ட புத்தகத்தை முடித்த மகிழ்ச்சியில் இன்னொரு புத்தகத்தை எதிர்பாராமல் கொண்டுவந்து கொடுப்பதில் தப்பில்லை. பக்கக் கணக்கு, சுவரில் ஒட்டும் அட்டவணை, "அக்கா உன் வயசுல எவ்வளவு வாசிச்சா தெரியுமா" ஆகியவற்றை வீட்டுக்குள் விடாதீர்கள். கதை நேரத்தைத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். அன்றைக்கு என்ன குறும்பு செய்திருந்தாலும் அன்றைக்கும் கதை உண்டு.

10. இடையில் நின்றுபோனால்

ஊர்ப் பயணம், காய்ச்சல், விருந்தாளிகள் என்று ஒரு வாரம் விட்டுப்போகும். ஈடுகட்ட முயலாதீர்கள். குழந்தைக்கு மிகவும் பிடித்த பழைய புத்தகத்தோடு பத்து நிமிடம் தொடங்குங்கள், புதிய புத்தகத்தோடு வேண்டாம்.

"வேண்டாம்" என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், நீங்களும் எழுந்து போய்விடாதீர்கள். அதே இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து உங்களுக்கே வாசிப்பதுபோல் வாசியுங்கள். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் ஒரு தலை உங்கள் தோளுக்குப் பின்னால் வந்துவிடும். வராத நாளும் உண்டு, அதனால் குறையொன்றுமில்லை.

வெவ்வேறு வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், சின்னதற்கான புத்தகத்தைப் பெரியதை வாசிக்கச் சொல்லுங்கள். எளிய புத்தகத்தை வாசிப்பதில் உள்ள கூச்சம் அதற்குப் போய்விடும், சின்னதற்கு ஒரு குரல் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பெரியதற்கென்று தனியாக ஐந்து நிமிடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

சில அறிகுறிகளைச் சோம்பல் என்று தள்ளக் கூடாது. புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ஒரு கண்ணைச் சுருக்குவது, வாசித்தால் தலைவலி என்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் அடிக்கடி கேட்காமல் போவது ஆகியவை இருந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். எழுத்து தெரிந்து ஓரிரண்டு ஆண்டு ஆகியும் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்க முடியாமல் திணறினால், பேச்சிலும் புத்தியிலும் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் இருக்கலாம். அதைக் கண்டறியவும் பயிற்சி தரவும் ஆட்கள் இருக்கிறார்கள், குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். சீக்கிரம் போவது நல்லது. அந்தப் பயிற்சி நடக்கும் மாதங்களில் குழந்தை பகல் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வரும். இரவில் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும், பக்கத்தை மட்டும் அது திருப்பட்டும்.